வேண்டாம் என்று எழுதி வைத்த ஆர்டர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் போய் "உங்கள் திட்டம் என்ன?" என்று கேட்டால், பெரும்பாலும் சுவரில் ஒட்டியிருக்கும் ஷிப்மென்ட் அட்டவணையைத்தான் காட்டுவார்கள். எந்த பையருக்கு, அதாவது நம்மிடம் வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, எத்தனை பீஸ், நூல் எப்போது வர வேண்டும், சாயப்பட்டறையிலிருந்து துணி என்றைக்குத் திரும்ப வேண்டும், கட்டிங் எந்தத் தேதி, தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் எந்தத் தேதி என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த அட்டவணை இல்லாமல் கம்பெனி ஒரு நாளும் ஓடாது. ஆனால் நான்கைந்து மாதங்களுக்கு அப்பால் அதற்குப் பார்வை கிடையாது. யாருக்குத் தைக்க வேண்டும், எதைத் தைக்கவே கூடாது, நம் பணம் எங்கே போய் நிற்கிறது, ஊரே ஒரு பக்கமாகச் சாயும் நாளில் நாம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்போம் என்ற கேள்விகளுக்கு அதில் கட்டமே கிடையாது.

அந்தக் கேள்விகளுக்கான விடைகளை எழுதி வைப்பதைத்தான் நான் நீண்டகாலத் திட்டம் என்கிறேன். பெரிய நிறுவனங்களுக்கு அதற்கென்று தனித் துறையே இருக்கிறது. சிறு நிறுவனங்களுக்கு அது தேவையில்லை, அன்றன்றைக்கு வருவதைச் சமாளித்தால் போதும் என்ற எண்ணம் எங்கள் ஊரில் வலுவாக உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. பெரிய கம்பெனி ஒரு தவறான பருவத்தைத் தாங்கும். வங்கி அதற்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு மோசமான பருவங்கள் அடுத்தடுத்து வந்தால் மெஷினை விற்க வேண்டியதுதான். யோசித்து வைக்க வேண்டிய தேவை எங்களுக்குத்தான் அதிகம்.

எங்களுடையது குடும்ப நிறுவனம். அப்பா ஜாப் ஒர்க்கில், அதாவது பிறருடைய ஆர்டரைக் கூலிக்குச் செய்து கொடுப்பதில், தொடங்கி, பிறகு நேரடி ஏற்றுமதிக்கு வந்தார். இப்போது அண்ணன் உற்பத்தியைப் பார்க்கிறார். நான் கணக்கையும் பையர்களையும் பார்க்கிறேன். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எங்கள் கூரைக்குள் நடக்கின்றன. நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் பதப்படுத்துவது), பிரிண்டிங் எல்லாம் வெளியே கூலிக்குக் கொடுத்து வாங்குகிறோம். இதே அளவில் தொழில் செய்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு விழுந்த அடிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2005 ஜனவரி 1 அன்று உலக ஜவுளி வணிகத்தில், ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்ற கோட்டா முறை முடிந்தது. இனி ஆர்டருக்குப் பஞ்சமில்லை என்று பலர் வங்கிக் கடனில் கட்டடமும் மெஷினும் போட்டார்கள். 2008இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிதி நெருக்கடி வந்தது. 2011இல் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தபோது, வாரச் சம்பளத்தை ரொக்கமாகக் கொடுத்துப் பழகிய ஊர் தடுமாறியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2020இல் கொரோனா, 2022இல் நூல் விலை, 2025 ஆகஸ்ட் 27 அன்று வந்த அமெரிக்காவின் 50 சதவீதக் கூடுதல் வரி. ஒரு அடி வந்த திசையிலிருந்து அடுத்தது வரவில்லை. அடுத்தது என்ன என்று சரியாகச் சொல்லிவிட்டால் தப்பிக்கலாம் என்பது வீண் நம்பிக்கை. எது வந்தாலும் உடனே முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறோமா என்பதுதான் நம் கையில் உள்ளது.

இவற்றில் 2011ஐப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது திடீரென்று வந்தது அல்ல. நொய்யலில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, ஆற்றின் கீழ்ப்பகுதியில் விவசாயிகளின் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது, சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது. 2011 ஜனவரி இறுதியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தபோது, எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அவற்றை நம்பியிருந்த கம்பெனிகள், சாயமேறாத கோரா துணியை லாரியில் ஏற்றி வெளி மாநிலங்களுக்கு அனுப்பின. திரும்பி வந்த துணியின் நிறம் லாட்டுக்கு லாட் (ஒரே தடவையில் சாயமேற்றும் துணி ஒரு லாட்) மாறியது. ஷிப்மென்ட் தேதிகள் தவறின. விமானத்தில் சரக்கு அனுப்பியே பலருடைய லாபம் கரைந்தது.

விவசாயிகள் பக்கம் நியாயம் இருந்தது. அதை இந்த ஊரில் இருந்துகொண்டு வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். தொழில் நோக்கில் பார்த்தாலும், நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தேதி போட்டு வந்த எச்சரிக்கை அது. நீதிமன்றச் செய்தி வாரந்தோறும் நாளிதழில் வந்துகொண்டிருந்தது. ஆனால் சாயப்பட்டறையின் பிரச்சினை சாயப்பட்டறைக்காரருடையது என்று துணி கொடுத்து வாங்கியவர்கள் நினைத்தார்கள்.

அதிலிருந்து நாங்கள் பழகிக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் மெதுவாக வருகிறவற்றை எழுதுவோம். இன்னொரு பக்கம் திடீரென்று வரக்கூடியவற்றை எழுதுவோம். மெதுவாக வருகிற ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு ஆளின் பெயரும், அவர் என்றைக்குள் என்ன தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பதும் இருக்கும். பருத்தி எந்த ஊரில் விளைந்தது, எந்த மில்லில் நூலானது என்பதற்கெல்லாம் ஐரோப்பிய பையர்கள் ஆவணம் கேட்கத் தொடங்கியது இந்தப் பக்கத்தில் வரும். தென் மாவட்டங்களிலிருந்து தையல் வேலைக்கு வருகிறவர்கள் குறைந்து, ஒடிசாவையும் பீகாரையும் சேர்ந்தவர்கள் கூடியதும் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. தங்கும் விடுதி கட்டுவதற்கு இடம் தேட வேண்டும் என்று முடிவு செய்ததற்கு வேறு எந்த ஞானமும் தேவைப்படவில்லை, இந்தத் தாள் போதுமானதாக இருந்தது.

திடீரென்று வருகிறவற்றுக்கு வேறு முறை வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், எல்லாத் திட்டத்துக்கும் அடியில் இருக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அது சரியாக இல்லாவிட்டால் மேலே என்ன எழுதினாலும் நிற்காது.

அப்பாவின் நண்பர் ஒருவர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் கணக்கை அவ்வப்போது பார்த்துத் தருவார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒருமுறை கேட்டார்: "அம்மணி, உங்களிடம் வாங்குகிறவர்களில் யார் உங்களுக்குச் சோறு போடுகிறார்?" நான் விற்பனைத் தொகையின் வரிசையில் பெயர்களைச் சொன்னேன். "அது யார் அதிகம் வாங்குகிறார் என்பதற்குப் பதில். நான் கேட்டது வேறு" என்றார். அன்றைக்குத் தொடங்கிய கணக்கு இன்றும் எங்கள் திட்டத்தின் அடித்தளம்.

வழக்கமான காஸ்டிங்கில் நூல், நிட்டிங், சாயம், வேஸ்டேஜ், தையல் கூலி, லேபிள், அட்டைப்பெட்டி, கமிஷன், டிராபேக் (ஏற்றுமதிக்கு அரசு திருப்பித் தரும் வரி) எல்லாம் போட்டு, கடைசியில் ஒரு பீஸுக்கு லாபமாக இவ்வளவு நிற்கும் என்று பார்ப்போம். அது தேவையான கணக்குதான். ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் வருவதில்லை. ஒன்று, அந்தப் பீஸ் நம் தையல் லைனை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டது என்பது. எங்களைப் போன்ற கம்பெனியில் நூலை இன்னும் வாங்கலாம், நிட்டிங்கை இன்னொரு இடத்தில் கொடுக்கலாம். நல்ல டெய்லர்கள் உட்கார்ந்திருக்கும் லைனின் நேரத்தை மட்டும் நினைத்தவுடன் கூட்ட முடியாது. இரண்டாவது, நூலுக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து பையரின் பணம் வங்கிக்கு வரும் நாள் வரை நம் பணம் எத்தனை நாள் மாட்டிக்கொண்டிருந்தது என்பது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்தவை. ஒரு காலர் வைத்த போலோ டி-ஷர்ட். அடக்கம் 250 ரூபாய், பீஸுக்கு 40 ரூபாய் நிற்கிறது. ஒரு சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட். அடக்கம் 120 ரூபாய், நிற்பது 14 ரூபாய். யாரும் போலோவைத்தான் விரும்புவார்கள். ஆனால் போலோவுக்கு லைனில் 22 நிமிடம், டி-ஷர்ட்டுக்கு 7 நிமிடம். போலோ வாங்கும் பையரிடமிருந்து பணம் வர, நூல் வாங்கிய நாளிலிருந்து 150 நாள். டி-ஷர்ட் பையருக்கு 75 நாள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்தால், போலோவில் பீஸுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் வட்டியே போய்விடும். டி-ஷர்ட்டில் இரண்டரை ரூபாய் போகும். மிச்சத்தை நிமிடத்தால் வகுத்தால், போலோ நிமிடத்துக்கு 1 ரூபாய் 35 காசு தருகிறது; டி-ஷர்ட் 1 ரூபாய் 64 காசு தருகிறது. மதிப்பு அதிகம் என்று நினைத்த சரக்கு, நம் லைனின் நேரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறது.

இதோடு முடியவில்லை. சாம்பிள் எத்தனை முறை திருத்தச் சொன்னார்கள், குறை சொல்லி டெபிட் நோட் போட்டு நமக்கு வர வேண்டிய பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள், ஒப்புதல் தாமதமாகித் தேதி நெருங்கி விமானத்தில் அனுப்ப வேண்டி வந்ததா, கடைசி நேரத்தில் எண்ணிக்கையைக் குறைத்து மிச்சத் துணியை நம் தலையில் கட்டினார்களா என்பதையெல்லாம் பையர்வாரியாகச் சேர்க்க வேண்டும். இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒரு பையருக்கு ஒரு பக்கம், ஆண்டு முழுவதும் நடந்ததை அதில் எழுதிவந்தால் போதும். அப்படி எழுதிப் பார்த்தபோது எங்கள் பட்டியல் தலைகீழாக மாறியது. அதிகம் வாங்கியவர் நடுவில் இருந்தார். யாரும் பெரிதாகப் பேசாத, சின்ன அளவில் குழந்தைகள் ஆடை வாங்கும் ஒரு பழைய பையர் மேலே வந்தார். சாம்பிளுக்கு ஒரே முறையில் ஒப்புதல் தருவார். நிறத்தை மாற்ற மாட்டார். பணம் தேதி தவறாது. அவரைப் பார்க்க நாங்கள் தனியாகப் பயணம் போனது அந்தக் கணக்குக்குப் பிறகுதான்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் அடுத்ததைச் செய்ய முடியும். அது, எதை எடுக்க மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. எங்கள் தாளில் இருப்பவை சில. எந்த ஒரு பையருக்கும் எங்கள் லைன் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதில்லை. எந்த ஒரு நாட்டுக்கும் அதே அளவுதான். ஒரு நிறத்துக்கு ஒரு சாய லாட்டுக்கும் குறைவாக வரும் ஆர்டரை எடுப்பதில்லை; மெஷின் நிறையாவிட்டாலும் அதன் செலவு குறையாது, நிறமும் ஒழுங்காக வராது. வங்கி உத்தரவாதமோ ஏற்றுமதிக் கடன் காப்பீடோ இல்லாமல் புதிய பையருக்குக் கடனில் சரக்கு அனுப்புவதில்லை.

இவை சாதாரண விதிகளாகத் தெரியும். ஆர்டர் இல்லாமல் லைன் காலியாக இருக்கும் மாதத்தில்தான் இவற்றின் கனம் தெரியும். அதனால்தான் வேலை நிறைந்திருக்கும் அமைதியான காலத்தில் இதை எழுத வேண்டும் என்கிறேன். நெருக்கடியில் உட்கார்ந்து எழுதினால், அந்த நேரத்துப் பயம்தான் விதியாக வந்து நிற்கும்.

ஒருமுறை, எங்களிடம் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த பெரிய பையர் ஒருவர், அளவை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்றார். விலையும் மோசமில்லை. அண்ணனுக்கு அதை விட மனமில்லை. "இரண்டு லைன் கூடப் போட்டுவிடலாம், ஆள் நான் பிடிக்கிறேன்" என்றார். நான் தாளை எடுத்து வைத்தேன். மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பை அது வெகுதூரம் தாண்டியது. நீண்ட நேரம் பேசினோம்; குரல்களும் உயர்ந்தன. கடைசியில் பழைய அளவுக்குக் கொஞ்சம் மேலே, வரம்புக்குள் நிற்கும்படி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மரியாதையாக மறுத்தோம்.

அந்த மிச்சத்தை எங்கள் பகுதியிலேயே இன்னொரு கம்பெனி எடுத்தது. அவர்கள் நன்றாகவே செய்தார்கள். இன்றும் நன்றாக இருக்கிறார்கள். இதைக் கேட்டதும், அப்படியானால் நீங்கள் மறுத்தது தவறுதானே என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுக்குச் சொந்த நிட்டிங் இருக்கிறது, சாயப்பட்டறையில் பங்கு இருக்கிறது, ஒரு பையர் திடீரென்று விலகினாலும் அந்தத் துணியை உள்நாட்டுச் சந்தைக்குத் திருப்பிவிட ஆள் இருக்கிறார்கள். அவர்கள் தாங்கக்கூடிய சாய்வு எங்களுக்குத் தாங்காது. அடுத்த கம்பெனியின் முடிவைப் பார்த்து நம் முடிவை மாற்றுவது இந்த ஊரின் பெரிய வியாதி. ஒருவர் குழந்தைகள் ஆடைக்குப் போனால் தெருவே போகிறது. ஒருவர் வெளியூரில் யூனிட் போட்டால் எல்லோரும் இடம் பார்க்கிறார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதிலிருந்து பிறக்காத திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேறொருவருடைய திட்டம்.

இப்போது திடீரென்று வருகிறவற்றுக்கு வருகிறேன். 1970களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்ற பிரெஞ்சுக்காரர் இருந்தார். எண்ணெய் விலை இவ்வளவு இருக்கும் என்று ஒரே ஒரு கணிப்பைச் சொல்வதற்குப் பதிலாக, எதிர்காலம் இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம் என்று சில கதைகளை அவருடைய குழு எழுதி, ஒவ்வொன்றிலும் நிறுவனம் என்ன செய்யும் என்று மேலாளர்களை யோசிக்க வைத்தது. உற்பத்தி நாடுகள் எண்ணெயைக் கட்டுப்படுத்தும் கதையும் அதில் இருந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, பீப்பாய் ஏறக்குறைய 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியபோது, மற்ற நிறுவனங்களைவிட ஷெல் வேகமாகத் தன்னை மாற்றிக்கொண்டது. அந்த நிலைமையை அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை மனதுக்குள் நடத்திப் பார்த்திருந்தார்கள்.

இதை ஒரு பனியன் கம்பெனியிலும் செய்யலாம். நூலை எடுத்துக்கொள்ளுங்கள். மில்கள் வழக்கமாக மாதத் தொடக்கத்தில் விலையை அறிவிப்பார்கள். நாம் பையருக்குச் சொன்ன விலையோ நான்கைந்து மாதங்களுக்கு நிற்க வேண்டும். நூல் எவ்வளவு ஏறினால் என்ன செய்வோம் என்பதை மூன்று படிகளாக எழுதி வைத்திருந்தோம். முதல் படி வரை நாமே தாங்குவோம். இரண்டாவது படியில், உறுதியான ஆர்டருக்கான நூல் முழுவதையும் அன்றைக்கே வாங்கிவிடுவோம். மூன்றாவது படியைத் தாண்டினால் புதிய விலை சொல்வதையே நிறுத்திவிட்டு, பையரிடம் நேராகப் பேசுவோம். அந்தப் பேச்சுக்கு வசதியாக, கொட்டேஷனிலேயே விலை செல்லுபடியாகும் நாளைக் குறிப்பிட்டிருப்போம். 2022 மே மாதம் பருத்தி, 356 கிலோ கொண்ட ஒரு கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலையைக் கண்டித்து ஊரே வேலைநிறுத்தம் செய்தது. எங்களுக்கும் வலித்தது. ஆனால் இன்றைக்கு வாங்குவதா, நாளைக்கு இறங்குமா என்று தினமும் புதிதாகக் குழம்ப வேண்டியிருக்கவில்லை. எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்தோம்; எழுதியிருந்ததைச் செய்தோம்.

2025இன் அமெரிக்க வரி இதைவிடக் கடினமாக இருந்தது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமாகவே 16.5 சதவீத வரி உண்டு. அதன் மேல் இன்னொரு 50 சதவீதம் ஏறியது. ஒரு நாட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு இருந்ததால் எங்கள் லைன்கள் முழுதாக நிற்கவில்லை. ஆனாலும் அந்த மூன்றில் ஒரு பங்கு சின்னத் தொகை அல்ல. அமெரிக்க பையர்கள் தள்ளுபடி கேட்டுத் தொலைபேசியில் கூப்பிடத் தொடங்கியபோது, கையில் இருந்த ஆர்டர்களை மூன்று குவியலாகப் பிரித்தோம். தைத்து முடிந்தவை, சாயமேறித் துணியாக இருப்பவை, இன்னும் நூலாக இருப்பவை. தைத்தது லேபிளோடு நிற்கிறது, வேறு யாருக்கும் விற்க முடியாது. அதற்குத் தள்ளுபடியில் ஒரு பங்கை ஏற்போம், மிச்சத்தை பையர் ஏற்க வேண்டும். சாயமேறிய துணிக்கு, வேறு பையர் யாராவது அந்த நிறத்தைப் பயன்படுத்துவார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவோம். நூலாக இருப்பது எந்த நாட்டுக்கும் போகும். அதற்கு ஒரு பைசா தள்ளுபடி கிடையாது. ஒரே பையரோடு மூன்று விதமான பேச்சு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சதவீதம் கேட்டவர்களிடம் இந்தப் பிரிவினையைக் காட்டியபோது பேச்சின் தன்மையே மாறியது; நாம் கெஞ்சவில்லை, கணக்குப் பேசுகிறோம் என்பது அவர்களுக்குப் புரிந்தது.

புதிய முயற்சிகளையும் தாளில் சேர்க்க வேண்டும், ஆனால் எவ்வளவு இழக்கத் தயார் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். திருப்பூர் பருத்தியில் வளர்ந்த ஊர். உலகச் சந்தையில் விளையாட்டு ஆடைகளும் செயற்கை இழைத் துணிகளும் பெருகியிருக்கின்றன. நாங்கள் ஒரு லைனை மட்டும் பாலியஸ்டருக்கு ஒதுக்கினோம். ஊசி மாறுகிறது, துணி வழுக்குகிறது, அயர்னிங் சூடு மாறுகிறது. சாயமும் வேறு: பருத்திக்குப் பெரும்பாலும் 60 டிகிரி போதும், பாலியஸ்டருக்கு 130 டிகிரி அழுத்த மெஷின் வேண்டும், நம் வழக்கமான சாயப்பட்டறை அதற்கு உதவாது. இவ்வளவு தொகை போகும் வரை கற்றுக்கொள்வோம், அதற்கு மேல் போனால் நிறுத்திவிட்டு யோசிப்போம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்ததால், முதல் லாட்டில் கணிசமான பீஸ்கள் நிராகரிக்கப்பட்டபோது யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அது படிப்புக் கட்டணம் என்று ஏற்கெனவே ஒதுக்கிய பணம்.

திட்டம் என்னுடைய மேசையில் மட்டும் இருந்தால் அது என் ஆசைப் பட்டியல்தான். இந்த ஊரில், பையரோடு பேசி ஆர்டர் எடுக்கும் மெர்ச்சன்டைசர்களுக்கு ஊக்கத்தொகையைப் பெரும்பாலும் ஆர்டரின் அளவை வைத்துத்தான் கொடுப்பார்கள். சின்ன லாட் வேண்டாம், பணம் தாமதிக்கும் பையர் வேண்டாம் என்று முதலாளி எழுதி வைத்துவிட்டு, ஆர்டர் கொண்டுவந்தால்தான் காசு என்று அவரிடம் சொன்னால், அவர் எதைச் செய்வார்? தன் குடும்பத்துக்கு நல்லதைத்தான் செய்வார், அதில் குற்றமில்லை. எங்கள் மெர்ச்சன்டைசர்களுக்கு ஊக்கத்தொகையை, பணம் வங்கிக்கு வந்த பிறகு, லைன் நிமிடத்துக்கு என்ன நின்றது என்பதை வைத்து மாற்றினோம். எழுதி வைத்த எந்த விதியையும்விட இந்த ஒரு மாற்றம் அதிக வேலை செய்தது. அவர்களே பையரிடம் "இந்த நிறத்துக்கு இவ்வளவு பீஸாவது வேண்டும்" என்று பேசத் தொடங்கினார்கள்.

தரையில் வேலை செய்கிறவர்களிடமும் கேட்க வேண்டும். ஆண்டுத் திட்டம் பேசும்போது கட்டிங் மாஸ்டரையும் செக்கிங் சூப்பர்வைசரையும் உட்கார வைக்கிறோம். "அக்கா, தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் போனஸ் வாங்கிய பிறகு உடனே திரும்புவதில்லை. அந்த இரண்டு வாரத்தில் போலோவை வைக்காதீர்கள், கையில் இருக்கிறவர்களை வைத்து முடிக்கிற மாதிரி சாதாரணச் சரக்கை வையுங்கள்" என்றார் கட்டிங் மாஸ்டர். பருவகால ஆர்டர்களை எந்த நாட்டிலிருந்து எந்த மாதத்தில் எடுப்பது என்ற பெரிய கேள்விக்கு, அந்த ஒரு வாக்கியம் பாதி விடை. தாள் தமிழில் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு மேல் போவதில்லை, அதில் அவர்களுடைய சொற்கள்தான் இருக்கின்றன. பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் அறிக்கை தயாரித்துத் தர ஆட்கள் இருக்கிறார்கள். வங்கிக்குக் கொடுக்க அது உதவும், கட்டிங் டேபிளில் உதவாது.

திருத்திப் பார்க்கும் வேலையைக் கோடை, குளிர் பருவங்களுக்கான ஆர்டர் பேச்சு தொடங்குவதற்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்கிறோம். அப்போதுதான் முடிவை மாற்ற இன்னும் நேரம் இருக்கும். கேட்கும் கேள்விகள் எளியவை: எதை நம்பி முடிவு செய்தோம், அது இன்னும் உண்மையா, எந்த விதியை மீறினோம், ஏன் மீறினோம். மீறியதற்கு நல்ல காரணம் இருந்தால் விதியை மாற்றுகிறோம். காரணம் சொல்ல முடியாவிட்டால் விதி நிற்கும்.

இந்த முறை எங்கள் முன்னால் இருப்பது பிரிட்டன் பற்றிய கேள்வி. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வணிக ஒப்பந்தப்படி நம் ஆயத்த ஆடைகளுக்கு அங்கே வரி நீங்க வேண்டும்; வங்கதேசத்துக்கு அங்கே ஏற்கெனவே வரியில்லை என்பதால், இவ்வளவு காலம் நாம் பின்னால் நின்ற இடம் அது. வங்கதேசம் ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேற 2026 நவம்பர் 24 என்று நாளும் குறிக்கப்பட்டது. அந்தப் பட்டியலால் அதற்குக் கிடைக்கும் வரிச் சலுகைகள் உடனே போய்விடாது, படிப்படியாகத்தான் மாறும். அண்ணன் சொந்தமாக நிட்டிங் மெஷின் போட்டுவிடலாம் என்கிறார். லைன் நிமிடத்துக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாமல் கடன் வாங்க எனக்குச் சம்மதமில்லை. பிரிட்டன் பையர்களில் குறைந்தது இருவர் இரண்டு பருவங்களுக்குத் தொடர்ந்து ஆர்டர் கொடுத்து, ஒரு பையருக்கான வரம்பும் மீறாமல் இருந்தால் மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்குவது, அதுவரை வெளி நிட்டிங்கில் ஒருவரிடம் ஆண்டு ஒப்பந்தம் போட்டு மெஷின் நேரத்தை ஒதுக்கிக்கொள்வது என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஒப்பந்தத் தொகையைப் பேச அண்ணன் திங்கட்கிழமை போகிறார்.